தம்பி தந்த முகம்

ஓசூர்
9.6.2025

மணிமொழி அவர்களுக்கு,

பரசுராமன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவது வழக்கம். எனக்கு அந்த ஆவல் இல்லை. உங்கள் நம்பரை அம்மா போன நாளிலிருந்து, மூன்று வருடமாக, பிளாக்கில் வைத்திருக்கிறேன். எடுக்கும் உத்தேசமும் இல்லை. அதனால்தான் இந்த ஸ்பீடு போஸ்ட்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காபிக் கடையில் உங்கள் முகத்தை நீங்களே வரைந்து மாட்டியிருக்கிறீர்கள். கன்னத்தில் தீக்காயம். கீழே அட்டையில் 'தம்பி தந்த முகம்' என்று தலைப்பு. கடைக்காரர் அதை இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறார். பெரியப்பா மகன் இளவரசன் வீட்டுப் பெண் அதை என் மகள் அபிநயாவுக்கு அனுப்பிவிட்டாள்.

"அப்பா, அத்தை மூஞ்சைச் சுட்டது நீயா?"னு சாப்பிடும்போது கேட்டாள். என் மனைவி உண்ணாமலைதான், "சின்ன வயசுல ஏதோ விளையாட்டுல ஆயிட்சி, சாப்புடுடி"ன்னு பேச்சை மாற்றினாள். குழந்தைக்குப் பதின்மூன்று வயது. அதன்பிறகு என்னோடு பேசுவது கம்மி. அவள் அப்பா ஏன் ஒரு நாளும் அடுப்புப் பற்ற வைப்பதில்லை, தீபாவளிக்கு ஏன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்பதெல்லாம் இப்போது புரிந்துவிட்டது போலப் பார்க்கிறாள்.

படத்தை எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் பார்ப்பேன்.

இப்படிக்கு,
ரா. பரசுராமன்


வேங்கிக்கால்
17.6.2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒரு கடிதம் வந்தது. 'அவர்களுக்கு' என்றும் 'நீங்கள்' என்றும் எழுதினால் நான் பயந்துவிடுவேன் என்று நினைத்தாயா? நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நான் நலம். அப்பா நலமில்லை. ஒரு மாதமாகப் படுக்கைதான். கஞ்சியும் கம்மி.

படத்தை எடுக்க மாட்டேன். முகம் என்னுடையது, காயம் என்னுடையது, பெயிண்டும் என்னுடையது. முப்பத்து நாலு வருடம் கலெக்டர் ஆபீஸிலும் பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் எல்லாரும் என் கன்னத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தக் கடையில்தான் முதல்முறையாக நின்று பார்க்கிறார்கள். ஒரு வெள்ளைக்காரி பத்து நிமிடம் அழுதாளாம். எப்படிக் காயம் பட்டது என்று கேட்டாளாம். என் ஓவிய ஆசிரியை எழிலரசிதான் அவளுக்கு மாவலியை விளக்கியிருக்கிறாள். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, துணியில் சுருட்டி, மட்டைக்குள் கட்டி, நெருப்பு வைத்து, கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேல் சுற்றினால் பொறி பூவாகக் கொட்டும். கார்த்திகைக்குப் பையன்கள் ஆடும் ஆட்டம். தம்பி சுற்றியபோது கட்டு அவிழ்ந்து அக்கா முகத்தில் விழுந்தது. இதில் ஒரு சொல் பொய் என்று நீ சொல்வாயா?

எழிலரசிக்கு இருபத்தாறு வயது. என்னைவிடக் கண்டிப்பு ஜாஸ்தி. ஆபீஸுக்கு முன்னால் காலையில் வகுப்பு. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், தினம் ஒரு முறை நம் முகத்தை நாமே வரைய வேண்டும். கடையில் இருப்பது ஏழாம் நாள் படம். வெள்ளிக்கிழமையோடு பாதி முடிகிறது. சனிக்கிழமை முதல் கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிடுவாளாம். "கண்ணாடி காட்டுறது தோலைத்தான்க்கா. உள்ள இருக்கறது தானா கைக்கு வரட்டும்" என்கிறாள்.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். இன்னொன்றும் தெரிந்துகொள். அம்மாவுக்குச் செய்தது போலவே தனக்கும் இளவரசன்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். இளவரசனும் சரி என்றுவிட்டான்.

அபிநயாவுக்கு என் ஆசி.

அன்புள்ள அக்கா,
மணிமொழி


ஓசூர்
26.6.2025

அக்கா,

சரி, 'நீ' என்றே எழுதுகிறேன். மரியாதை உனக்கு அதிகம்தான்.

உன் காயத்தை ஊர் பார்த்தது. என்னுடையதை யார் பார்த்தார்கள்? எனக்கு எட்டு வயது. உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். அப்பா திரும்பி வந்து கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து என்னை அடித்தார். மாடு கூட அப்படி அடி வாங்கியதில்லை. பத்தாம் நாள் ஓசூரில் மாமா வீட்டில் கொண்டுவந்து விட்டார். பள்ளிக்கூட லீவுக்கு ஊருக்கு வந்தால் 'சூட்டுக்கையன் வந்துட்டான்டா' என்று பையன்கள் வைக்கோல் போரை மறைத்துக்கொண்டு நிற்பார்கள். நானே அதை நம்பினேன். என் கை ஆகாத கை என்று எனக்கு நானே ஒதுக்கி வைத்தேன். இன்றுவரை ஒரு தீக்குச்சி கிழித்ததில்லை.

அம்மா சாகும்போது என்ன சொன்னாள்? "அந்தக் கையால எனக்கு நெருப்பு வேணாம்." சுடுகாட்டில் மொட்டை அடித்துக்கொண்டு நான் ஓரமாக நின்றேன். பெற்ற மகன் நான். இளவரசன் வைத்தான். அம்மா அதைச் சொன்னபோது நீ அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை, "பரவால்லம்மா, தம்பிதானே"ன்னு, அவள் காதில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ.

வேடிக்கை என்ன தெரியுமா? நான் சுற்றியதே எனக்கு ஞாபகமில்லை. கயிறு ஞாபகமில்லை, நெருப்பு ஞாபகமில்லை. பொரி உருண்டை மட்டும் ஞாபகம் இருக்கிறது. செய்தவனுக்கு மறந்துவிடும் என்பார்கள். அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

அப்பாவுக்கு யார் வேண்டுமானாலும் வைக்கட்டும். படத்தை எடு.

பரசுராமன்


வேங்கிக்கால்
8.7.2025

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அப்பா அப்படியே. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டுவிட்டேன்.

உன் பொரி உருண்டைக் கதையைப் படித்தேன். அடி வாங்கினாய், ஒப்புக்கொள்கிறேன். அடி பத்து நாளில் ஆறும். என் கன்னம் ஆறியதா?

கண்ணாடியை மூடியபின் பதினெட்டுப் படம் வரைந்துவிட்டேன். பதினெட்டிலும் என் வலது கை வந்து நிற்கிறது. முகத்துக்கு மேலே தூக்கிய கை. வரைய வேண்டும் என்று நினைப்பதே இல்லை. கன்னத்தில் ஆரம்பிக்கிறேன், கழுத்துக்கு வருகிறேன், அப்புறம் பார்த்தால் கை இருக்கிறது. அழித்துவிட்டு வரைந்தாலும் மறுபடி வருகிறது. உன் நெருப்புக்குப் பயந்து முகத்தை மறைக்கத் தூக்கிய கை அது. இத்தனை வருடம் கழித்தும் உன்னைக் கண்டால் என் கை மேலே போகிறது. பார்த்துக்கொள். இந்தப் பதினெட்டையும் சேர்த்து அதே கடையில் மாட்டச் சொல்லப்போகிறேன்.

எழிலரசி அந்தக் கையைப் பார்த்து ஏதோ சொன்னாள். சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்.

அக்கா


ஓசூர்
20.7.2025

அக்கா,

பதினெட்டையும் மாட்டு. பத்தொன்பதாவதாக என்னை உயிரோடு கொண்டுவந்து ஆணியில் அடி. வருகிற வெள்ளைக்காரிகள் எல்லாம் அழட்டும்.

உன் ஏழாம் நாள் படத்தை அபிநயா போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். காயம் இடது கன்னத்தில் இருக்கிறது. உன் காயம் வலது பக்கம். கண்ணாடி பார்த்து வரைந்தால் பக்கம் மாறும் என்று என் மகள் சொன்னாள். உன் முகத்திலேயே எது எந்தப் பக்கம் என்று சரியாக வரைய வரவில்லை உனக்கு. நீ என்னைப் பற்றி ஊருக்குச் சொல்ல வந்துவிட்டாய்.

ஆகஸ்ட் முதல் வாரம் லீவு கேட்டிருக்கிறேன். நானே வந்து கிழிப்பேன்.

பரசுராமன்


ஓசூர்
30.8.2025

அக்கா,

நாற்பது நாளாகிறது, பதில் இல்லை. கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. அந்தக் கடைக்குப் போன் செய்தேன். ஆகஸ்ட் இரண்டாம் தேதியே நீ வந்து படத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாய் என்றார்கள். அட்டையை மட்டும் அங்கேயே கிழித்துக் குப்பையில் போட்டாயாம்.

நான் சொன்னதற்காக நீ எடுத்திருக்க மாட்டாய். உன்னை எனக்குத் தெரியும். உன் பேச்சைத் தாங்கிவிடலாம், இந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவுக்கு ஏதாவது ஆகி, எனக்குச் சொல்லாமல் மறைக்கிறாயா?

பரசுராமன்


வேங்கிக்கால்
6.9.2025

தம்பிக்கு,

அப்பா இருக்கிறார். நானும் இருக்கிறேன்.

நீ கேட்டபடி படத்தை எடுத்துவிட்டேன். இதோடு விட்டுவிடலாம். கிளறாதே.

ஒன்று மட்டும் எழுது. அன்றைக்குப் பொரி உருண்டையை எந்தக் கையில் வைத்திருந்தாய்?

மணிமொழி


ஓசூர்
15.9.2025

அக்கா,

இது என்ன கேள்வி? மூன்று மாதம் என்னைக் குதறிவிட்டுப் பொரி உருண்டையைப் பற்றிக் கேட்கிறாய். உன் ஓவியக்காரி இதையும் வரையச் சொன்னாளா?

இரண்டு கையிலும் வைத்திருந்தேன். அம்மா புதுவெல்லத்தில் பிடித்தது. ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. "அக்காகிட்ட குடுத்துட்டு வா, வழியில தின்னுடாத"ன்னு அனுப்பினாள். சூடாக இருந்தது, கை மாற்ற முடியாமல் மாரோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். சட்டையெல்லாம் பாகு. அந்தப் பாகுச் சட்டையோடுதான் அடி வாங்கினேன். எறும்பு மொய்த்தது இன்னும்

அக்கா.

இரண்டு கையிலும் உருண்டை இருந்தால் கயிறு யார் கையில் இருந்தது?

பதில் எழுது. இந்த முறை நாற்பது நாள் எடுத்துக்கொள்ளாதே.


வேங்கிக்கால்
12.10.2025

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நேராக எழுதுகிறேன்.

ஜூலையில் எழிலரசி சொன்னது இதுதான். "அக்கா, முகத்தை மறைக்கிற கைன்னா விரல் விரிஞ்சிருக்கும். இது மூடியிருக்கு. எதையோ புடிச்சிருக்கு." அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மண்டலம் முடியும்வரை அவளோடு பேசவில்லை. நாற்பத்தெட்டாம் நாள், படம் முடிந்தபின், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படத்தில் இருப்பது போலவே கையை மூடித் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தேன். கை தானாகச் சுற்றத் தொடங்கியது. மணிக்கட்டுக்கு அந்தச் சுற்று தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

நான்தான் சுற்றினேன். பையன்களிடம் கெஞ்சி ஒரு முறை வாங்கிச் சுற்றினேன். கட்டு அவிழ்ந்தது. நீ அப்போது தெருமுனையில் இருந்திருப்பாய்.

படத்தைக் கழற்றிய பிறகும் உனக்கு எழுதவில்லை. எழுதினால் நான் யார் என்ற கேள்வி வரும். தம்பியால் முகம் போனவள், அதனால் கல்யாணம் ஆகாதவள், அதனால் எல்லாரும் இரக்கப்பட வேண்டியவள். அதை எடுத்துவிட்டால் என்னிடம் மீதி என்ன இருக்கிறது என்று பயந்தேன். உன் செப்டம்பர் கடிதம் வந்தது. 'ஒன்று உனக்கு' என்று எழுதியிருந்தாய். மூன்று நாள் கழித்து அப்பாவிடம் போய் உட்கார்ந்து சொன்னேன். "அப்பா, அன்னிக்கு மாவலி சுத்துனது நான்."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியுமே" என்றார்.

"கெணத்து மேட்டுலருந்து பாத்தேன். சடங்கு ஆகி மூணு மாசம் ஆன பொண்ணு, தெருவுல ஆம்பளப் பசங்களோட நின்னு மாவலி சுத்துனான்னு ஊரு பேசுனா உன்னை எவன் கட்டுவான்? அந்தப் பசங்க வாயையும் அடைச்சேன். யார் கேட்டாலும் தம்பின்னு சொல்லுன்னு ஆஸ்பத்திரியிலயே உன்கிட்ட சொன்னேனே, மறந்துட்டியா? அவன் ஆம்பளப் பையன். நாலு அடி, ஆறிடும்னு நெனச்சேன்."

மறந்துதான் போனேன். பார்க்க வந்த எல்லாரிடமும் கட்டுப்போட்ட வாயால் 'தம்பி, தம்பி' என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் உன்னைக் கயிற்றோடு என் கண்ணால் பார்த்ததாகவே ஆகிவிட்டது. "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "அவளுக்கு எதுக்கு?" என்றார். அம்மா தெரியாமலே போய்விட்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். என்னை எவனும் கட்டவும் இல்லை.

மன்னிப்புக் கேட்கும் வழக்கம் நம் வீட்டில் கிடையாது. எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மணிமொழி


ஓசூர்
2.11.2025

மணிமொழிக்கு,

உன் கடிதத்தைப் பத்து நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன். உண்ணாமலை படித்துவிட்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வருகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார் அந்த மனிதர். நீ முப்பத்து நாலு வருடம் அந்தச் சோற்றைத் தின்றாய். நான் பட்டினி.

எட்டு வயதில் என்னை வீட்டை விட்டு அனுப்பினீர்கள். அம்மா மடியில் ஒரு நாள் படுக்க விடவில்லை. அவள் பயந்து பயந்து தள்ளி உட்காருவாள், விறகுக் கட்டையை என் கைக்கு எட்டாமல் நகர்த்துவாள். அவளிடம் இனி யார் போய்ச் சொல்வது? மன்னிப்பா? வேண்டாம். அதைக் கொடுக்கவும் என்னிடம் இல்லை.

ஒன்று செய். எனக்குக் கடிதத்தில் சொன்னாய், நாலு சுவருக்குள் அப்பாவிடம் சொன்னாய். பொய்யை ஊர் நடுவில் மாட்டினாய். உண்மையையும் அங்கேயே மாட்டு. அதே கடை, அதே சுவர், அதே அளவு. கார்த்திகைத் தீபத்துக்கு முன்னால், ஊர் நிறைய ஜனம் வரும்போது. அட்டையில் என் பெயர், உறவு எதுவும் வரக்கூடாது.

அப்பாவிடம் சொல். அவரோடு இனி நான் பேச மாட்டேன்.

பரசுராமன்


வேங்கிக்கால்
27.11.2025

தம்பிக்கு,

நேற்று மாட்டிவிட்டேன். அதே சுவர். கண்ணாடி இல்லாமல் வரைந்தது, அதனால் இந்த முறை பக்கம் மாறவில்லை. பாவாடை தாவணியில் பதின்மூன்று வயதுப் பெண், தலைக்கு மேலே கை, கையில் கயிறு, கயிற்றில் நெருப்பு. முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பை வரையத்தான் மூன்று வாரம் ஆயிற்று. அன்று நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறேன் தம்பி. என் முகத்தில் அது இருந்ததே எனக்குத் தெரியாது.

அட்டையில் 'மாவலி சுற்றியவள்: மணிமொழி' என்று எழுதியிருக்கிறேன். இளவரசன் வந்து பார்த்தான். "ஏன்க்கா இதெல்லாம், குடும்ப மானம்"னு முணுமுணுத்தான். போடா என்றேன். ஊருக்குள் நாலு பேர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

பெண்ணுக்குப் பின்னால் ஒரு பையன் வருகிறான். இரண்டு கையிலும் உருண்டை. அவன் முகத்தை மட்டும் வரையவில்லை. ஏன் என்று நீயே வந்து பார்த்தால் புரியும்.

அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. டாக்டர் நாள் சொல்லவில்லை. "அவன் வருவானா?"னு நேற்று கேட்டார். முதல்முறையாகக் கேட்கிறார். இளவரசனும் கேட்கிறான், கொள்ளி விஷயம் என்ன என்று. நான் என்ன சொல்லட்டும்?

அக்கா


ஓசூர்
7.12.2025

அக்கா,

நாங்கள் நலம். அபிநயா நலம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தீபத்துக்கு மறுநாள் வந்திருந்தோம். உனக்குச் சொல்லவில்லை. கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காமல் கடைவரைக்கும் நடந்தோம். படத்தின் முன்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நான் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. அது எனக்குப் பிடித்திருந்தது. அபிநயா ரொம்ப நேரம் பார்த்தாள். முகமில்லாத பையனைக் காட்டி, "இது நீயாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஏன் முகம் இல்லை என்று புரிந்தது. எட்டு வயதில் நான் எப்படி இருந்தேன் என்று உங்கள் யாருக்கும் ஞாபகமில்லை. அதை வரையாதே. கற்பனையாக எதையாவது போட்டு நிரப்பிவிடாதே. அப்படியே இருக்கட்டும்.

திரும்பும்போது கோயில் கோபுர வாசலில் அபிநயா கற்பூரம் வாங்கித் தரையில் வைத்து, தீப்பெட்டியை என்னிடம் நீட்டினாள். மூன்று குச்சி வீணாயிற்று. நாலாவது பிடித்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அங்கிருந்து வேங்கிக்கால் பத்து நிமிடம். வரவில்லை. அப்பாவை உயிரோடு பார்க்க எனக்கு மனமில்லை. உன்னையும்தான். இதை நீ தப்பாக எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

ஆனால் இளவரசனிடம் சொல்லிவிடு. கொள்ளி நான் வைப்பேன். பாசத்தினால் இல்லை. அவர் கட்டையில் என் கையால்தான் நெருப்பு விழ வேண்டும், அந்த ஊர் முழுக்க நின்று அதைப் பார்க்க வேண்டும். அப்பா கேட்டால் இதையே வரி மாறாமல் படித்துக் காட்டு.

உன் நம்பரை இன்று காலை பிளாக்கிலிருந்து எடுத்திருக்கிறேன். ஒரே ஒரு முறை கூப்பிடு. எப்போது என்று உனக்குத் தெரியும்.

தம்பி,
பரசுராமன்